முதலில் பட்டரைப் பாருங்கள்

பழைய பொருள்கள் விற்கிற இடம் எதுவானாலும், அங்கே ஒரு மூலையில் கோல்ஃப் பை சாய்ந்து நின்றால் என் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். ஜிப்பில் தூசி படிந்திருக்கும். அடியில் காய்ந்த புல் ஒட்டியிருக்கும். மட்டைகளின் கைப்பிடி உறைகளான கிரிப்புகள் வெயிலில் வெளுத்துக் கல்லாகியிருக்கும். விற்பவருக்கு அது இடத்தை அடைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டார்.

ஒரு சுற்று ஆட்டத்துக்கு 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. 1938-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைக் கொண்டுவந்தது. வீட்டில் கிடக்கிற பைக்கு அந்த விதி கிடையாது. புது மட்டை வாங்கியவர் பழையதைத் தூக்கி எறிவதில்லை, அதே பையில் செருகிவைக்கிறார். அதனால் ஒரே பையில் தொலைவுக்கு அடிக்கிற டிரைவர் இரண்டு, குழிக்குள் பந்தைத் தள்ளுகிற பட்டர் மூன்று, எண் போட்ட இரும்புத்தலை அயர்ன்கள் ஜோடி இல்லாமல் நாலைந்து எல்லாம் கலந்து நிற்கும். ஒருவர் எந்தெந்த ஆண்டில் என்னென்ன ஆசைப்பட்டார் என்பது முழுக்க அதற்குள் இருக்கிறது. அதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அதில் வருமானமும் இருக்கிறது.

பழைய கோல்ஃப் மட்டைகளைத் தேடி வாங்கி, சுத்தம் செய்து, தேவைப்பட்டால் கிரிப் மாற்றி விற்பதை நான் வெகுநாளாகச் செய்துவருகிறேன். இந்தத் தொழில் நிற்பது ஒரே ஒரு காரணத்தின் மேல்தான்: மட்டையின் விலை குறைகிற வேகத்தில் அதன் திறன் குறைவதில்லை.

டிரைவரை எடுத்துக்கொள்வோம். பெரிய நிறுவனங்கள் ஆண்டு பிறந்ததும் புது டிரைவர் இறக்குகின்றன. டெய்லர்மேட் 2020-இல் சிம், 2022-இல் ஸ்டெல்த், 2024-இல் கியூஐ10 என்று போனது. கேலவே 2020-இல் மேவ்ரிக், 2022-இல் ரோக் எஸ்டி, 2023-இல் பேரடைம். புதியது அலமாரிக்கு வந்ததும் முந்தையதன் விலை சரியத் தொடங்கும். இரண்டு தலைமுறை தாண்டினால் பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் இந்த மட்டைகள் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு துள்ளலாக இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு போட்டு வெகுகாலம் ஆகிறது. டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2004-இலிருந்து. தலை எவ்வளவு முறுக்கத்தைத் தாங்கலாம் என்பதற்கு 2006-இல் வரம்பு வந்தது. பந்தில் படுகிற முகத்தின் ஸ்பிரிங் தன்மைக்கு அமெரிக்காவில் முன்பே இருந்த கட்டுப்பாடு 2008-இலிருந்து எல்லா நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் பொதுவானது. எல்லா நிறுவனங்களும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு வந்த முன்னேற்றம் பெரும்பாலும் நடுவில் படாத அடியை மன்னிப்பதில்தான். அது நல்ல முன்னேற்றம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2017-இல் வந்த பிங் ஜி400-ஐ இன்றைக்கும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாறவில்லை, அது நல்ல மட்டை.

விலைக்கும் திறனுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளி எல்லா மட்டைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. டிரைவரின் விலை வேகமாக விழும், திறன் நிற்கும். கிட்டத்து அடிக்கான வெட்ஜ் நேர்மாறு. விலை ஓரளவு நிற்கும், முகத்தில் உள்ள வரித்தடங்கள் தேய்ந்து உபயோகம் போய்விடும். பட்டர் மட்டும் தனிக் கதை. அது பந்தை மெதுவாகத் தள்ளுகிற மட்டை. மண்ணில் குத்துவதில்லை, முகம் வெடிப்பதில்லை. முப்பது வருடம் ஆடிய பட்டரும் நேற்று வாங்கிய பட்டரும் செய்கிற வேலை ஒன்றுதான். அதனால் பையைத் திறந்ததும் என் கை முதலில் பட்டருக்குத்தான் போகும். கவனிக்கப்படாமல் கிடக்கும் பணம் அங்கேதான் அதிகம். விற்பவர் கண்ணுக்கு டிரைவர் பெரிதாகப் பளபளவென்று தெரியும். பட்டர் ஒல்லியாக, பழுப்பேறி, பையின் ஓரத்தில் நிற்கும்.

பட்டரில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பெயர் பிங். அதை நிறுவியவர் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டுக் கேரேஜில் பட்டர் செய்யத் தொடங்கியவர். எடையைத் தலையின் இரண்டு ஓரங்களுக்கும் தள்ளினால் அடி கொஞ்சம் விலகினாலும் தலை திரும்பாது என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்த யோசனையில் 1966-இல் வந்ததுதான் ஆன்சர். இன்றைக்குக் கடையில் தொங்குகிற, குதிகாலும் மூக்கும் கனத்த பட்டர்களில் பெரும்பகுதி அந்த வடிவத்தின் வாரிசுகள். ஆரம்பகால ஆன்சரின் அடியில் ஸ்காட்ஸ்டேல் என்ற ஊர்ப் பெயர் பொறித்திருக்கும். நிறுவனம் அடுத்து ஃபீனிக்ஸுக்கு இடம் மாறியது, பொறிப்பும் மாறியது. ஃபீனிக்ஸ் பொறித்தவை ஏராளம், விலையும் சாதாரணம். ஸ்காட்ஸ்டேல் பொறித்தவை சேகரிப்பாளர்கள் தேடுகிறவை. இரண்டுக்கும் நடுவில் உள்ள விலை வித்தியாசம் பல மடங்கு. தலையைத் திருப்பி அடிப்பக்கத்தைத் துடைத்துப் படிக்கிற சில நொடி வேலைதான் இது. பலர் அதைச் செய்வதில்லை.

அடுத்த பெயர் ஸ்காட்டி கேமரன். டைட்லிஸ்ட்டின் தாய் நிறுவனமான அகுஷ்நெட்டுக்காக 1990களிலிருந்து இவர் பட்டர் வடிவமைக்கிறார். நியூபோர்ட், நியூபோர்ட் 2 என்ற மாதிரிகள் சாதாரணக் கடைச் சரக்கானாலும் விலை நன்றாக நிற்கும். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று செய்தவற்றில் வட்டத்துக்குள் டி என்ற முத்திரை இருக்கும். அது வேறு உலகம். டைகர் உட்ஸுக்காகச் செய்து வைத்திருந்த மாற்று பட்டர் ஒன்று 2021-இல் ஏலத்தில் 3,93,300 டாலருக்குப் போனது. அதை அவர் போட்டியில் பயன்படுத்தியதுகூட இல்லை. அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கும் என்று நான் பை திறப்பதில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு உள்ள மரியாதை சாதாரண நியூபோர்ட்டையும் தாங்கிப் பிடிக்கிறது. தலையுறை ஒழுங்காக இருந்தால் அதற்கே தனியாக ஆள் வருவார்கள். ஆகவே பையின் எல்லாச் சிறுபைகளையும் திறந்து பார்த்துவிடுவேன். கசங்கிய தலையுறை ஒன்று பந்துகளுக்கு அடியில் கிடக்கும்.

இவை தவிர ஒடிஸியின் 2-பால், 1960களின் வில்சன் 8802 போன்றவற்றுக்கும் எப்போதும் ஆள் உண்டு. பித்தளையில் வரும் புல்ஸ் ஐ பட்டர்கள் பார்க்க அழகானவை. ஆனால் அவ்வளவு செய்திருக்கிறார்கள், ஆகவே பெரிய விலை எதிர்பார்க்கக் கூடாது. எனக்குப் பிடிக்கும், அதனால் வாங்குவேன். அது வியாபாரக் காரணம் இல்லை.

அடுத்தது அயர்ன்கள். இங்கே அவசரம் கூடாது. முதலில் எண்களை வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும்: 4, 5, 6, 7, 8, 9, பிட்சிங் வெட்ஜ். 3-அயர்ன் இல்லையென்றால் கவலை இல்லை, அதை அடிக்கிற ஆளே இப்போது குறைவு. 7 இல்லையென்றால் அந்த செட்டின் விலை சரிந்துவிடும். அப்புறம் மட்டைகளைத் தரையில் நிறுத்தி உயரம் பார்ப்பேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய அரை அங்குலம் படிப்படியாக இறங்க வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாகத் தெரிந்தால் ஷாஃப்ட், அதாவது மட்டையின் குச்சி, எப்போதோ உடைந்து மாற்றப்பட்டிருக்கிறது. எல்லாமே குட்டையென்றால் யாரோ ஒரு சிறுவனுக்காகவோ உயரம் குறைந்தவருக்காகவோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நீட்டிப்புக் குச்சி செருகலாம்தான், ஆனால் வாங்குகிறவருக்கு அதைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் விலை இறங்கும்.

முகத்தைப் பார்த்தால் முந்தைய சொந்தக்காரர் எப்படி ஆடினார் என்பது தெரிந்துவிடும். நன்றாக ஆடியவரின் 8-அயர்னில், நடுவில் நாணய அளவுக்கு ஒரே ஒரு மங்கல் வட்டம் இருக்கும். அந்த மட்டை நிறைய உழைத்திருக்கிறது, வரித்தடங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முகம் முழுக்கச் சிதறலாக அடிபட்டிருந்தால் அது புதிதாகக் கற்றவருடையது. பல நேரம் அதுதான் எனக்கு நல்ல சரக்கு, ஏனென்றால் அவர் சீக்கிரம் விட்டுவிட்டார், குரோம் அப்படியே இருக்கும். 4-அயர்ன் கடையில் இருந்த மாதிரியே பளபளக்கும், 9 மட்டும் கறுத்திருக்கும். படம் எடுக்கும்போது நான் அந்த 9-ஐத்தான் பெரிதாகக் காட்டுவேன். வாங்குகிறவர் எப்படியும் அதைத்தான் கேட்பார்.

பிங் அயர்ன்களில், குச்சி தலையோடு சேருகிற கழுத்தான ஹோசலுக்குப் பக்கத்தில் சின்ன நிறப் புள்ளி இருக்கும். மட்டை தரையில் படுகிற சாய்கோணத்தைச் சொல்லும் குறி அது. கருப்பு என்றால் இயல்பு, சிவப்பு என்றால் கொஞ்சம் தட்டை, நீலம் என்றால் கொஞ்சம் நிமிர்வு. கருப்புப் புள்ளி சீக்கிரம் விற்கும். கருப்பிலிருந்து தள்ளிப்போன நிறங்கள் சரியான உடல்வாகு உள்ள ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். அதே ஹோசலில் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். அதைக் கொடுத்துக் கேட்டால், அந்த செட் முதலில் என்ன அளவில் செய்யப்பட்டது என்று நிறுவனமே சொல்லிவிடும். இந்தப் பழக்கம் பிங் மட்டைகளுக்குப் பெரிய பலம், பழைய பிங் விலை நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிங் ஐ2 என்று 1982-இல் வந்த அயர்ன்கள் இப்போதும் அடிக்கடி கண்ணில் படும். அதில் செம்பு நிறத்தில் பெரிலியம் செம்புக் கலவையில் செய்தவை உண்டு. சாதாரண எஃகு ஐ2-வைவிட விலை கூடுதல். ஒரு எச்சரிக்கை: அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். பெரிலியத்தின் தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கேடு. சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். கறுத்த செம்பைத்தான் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள்.

நல்ல ஆட்டக்காரர்கள் விரும்பும் மெல்லிய அயர்ன்களில் மிசுனோ எம்பி வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. எம்பி-33 மாதிரி ஒரு மட்டை மென்மையான இரும்பில் அடித்துச் செய்தது. நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது. இதற்கு வாங்குபவர்கள் குறைவு, ஆனால் வருகிறவர்கள் என்ன வேண்டும் என்று தெரிந்து வருவார்கள். இவற்றில் குரோம் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். லேசான துரு அழகைக் கெடுக்கும், ஆட்டத்தைக் கெடுக்காது. ஷாஃப்ட்டில் குழி விழுந்த துரு என்றால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அது உடையும்.

ஷாஃப்ட் என்றதும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் தலையில் உள்ள பெயரை மட்டுமே படிக்கிறார்கள். நான் குச்சியைப் படிக்கச் சொல்வேன். மதிப்பு இழந்த பழைய டிரைவர் தலையில், மதிப்பு இழக்காத கிராஃபைட் ஷாஃப்ட் மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கும். ஆர்வமான ஆட்டக்காரர் ஒருவர் அதைத் தனியாக விலை கொடுத்துப் போட்டிருப்பார். ஃபுஜிகுரா, மிட்சுபிஷி, கிராஃபைட் டிசைன் என்ற மூன்று பெயர்களையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், தொடங்கலாம். ஃபுஜிகுராவின் வென்டஸ் 2019-இல் வந்தது. அதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஷாஃப்ட்டின் மேல் வெலோகோர் என்று எழுதியிருக்கிறதா என்பது. தனியாக விற்ற உயர்ரக வென்டஸில் அது இருக்கும். தொழிற்சாலையிலேயே டிரைவரோடு சேர்த்துக் கொடுத்த வென்டஸ் பலவற்றில் இருக்காது. நிறமும் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுதான், விலை ஒன்றல்ல. இதைத் தெரியாமல் வாங்குகிறவரும் உண்டு, தெரிந்தே மறைத்து விற்கிறவரும் உண்டு.

இப்போதைய டிரைவர்களில் ஷாஃப்ட்டைத் திருகிக் கழற்றலாம். நுனியில் உள்ள அடாப்டர் அந்தந்த நிறுவனத்துக்கே உரியது, டெய்லர்மேட்டினுடையது கேலவேயில் நுழையாது. ஆகவே தனி ஷாஃப்ட் விற்கும்போது எந்த அடாப்டர், நுனியை எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள், மொத்த நீளம் என்ன என்ற மூன்றும் சொல்ல வேண்டும். அயர்ன் ஷாஃப்ட்டில் இன்னொரு நுணுக்கம்: கூம்பு நுனி 0.355 அங்குலம், நேர் நுனி 0.370 அங்குலம். வாங்குபவர் அதைக் கேட்டால் அவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். அப்போது நானும் சந்தோஷமாகிவிடுவேன், பேச்சு நீளும்.

கிராஃபைட்டைப் பரிசோதிக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கிப் பார்க்க வேண்டும். சடசடவென்று சின்ன ஓசை கேட்டால் உள்ளே இழை விட்டிருக்கிறது. பையின் விளிம்பில் உரசி வந்த தேய்மானம் பெயின்ட்டோடு நின்றால் பரவாயில்லை. நகத்தால் தடவினால் இழை தட்டுப்பட்டால் வேண்டாம். டிரைவர் தலையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். உள்ளே ஏதாவது உருண்டால் அது உடைந்த பசைத்துண்டாக இருக்கலாம். அப்படியென்றால் சரிசெய்யலாம். முகத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் சரிசெய்ய வழியில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அது தெரியும்.

விட்டுவிட வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு முழு செட்டாக வரும் மலிவு மட்டைகளில் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. ஒரு சின்ன காந்தம் சட்டைப்பையில் இருந்தால் உதவும், துத்தநாகத்தில் ஒட்டாது. ஆனால் ஒட்டாதது எல்லாம் மலிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டைட்டானியத்தில் ஒட்டாது, பெரிலியம் செம்பில் ஒட்டாது, 303 என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகில் கடைந்த நல்ல பட்டர்களிலும் ஒட்டாது. மாறாக, டைட்டானியம் என்று சொல்லி விற்கும் டிரைவர் முகத்தில் காந்தம் போய் ஒட்டினால் கையை எடுத்துவிடுங்கள்.

மரக்குச்சி மட்டைகளைப் பார்த்துப் பலரும் பரபரப்பாகிவிடுகிறார்கள். எஃகு ஷாஃப்ட்டை, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ 1929-இல்தான் அனுமதித்தது. அதற்கு முன்னே பெரும்பாலும் ஹிக்கரி மரக்குச்சிதான். அப்படியென்றால் எத்தனை செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாஷி, நிப்ளிக் என்ற சாதாரண ஹிக்கரி அயர்ன்கள் நிறையக் கிடைக்கின்றன, சுவரில் மாட்ட வாங்குவார்கள், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீண்ட மூக்கு மரத்தலைகள் வேறு. முகத்தில் வரியே இல்லாத பழைய இரும்புத் தலைகளும் கவனிக்கத்தக்கவை. செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்டூவர்ட் பட்டறையின், புகையிலை பிடிக்கும் குழாய் வடிவ முத்திரை இருந்தால் ஹிக்கரியில் ஆடுகிறவர்களே அதை விரும்பி வாங்குவார்கள். எது கிடைத்தாலும் கம்பி பிரஷ் போடாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். பளபளவென்று ஆக்கிய ஹிக்கரி மட்டையைச் சேகரிப்பாளர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

வெட்ஜ் விஷயத்தில் நான் கறார். வோக்கி, கிளீவ்லண்ட் என்று பெயர் எதுவாக இருந்தாலும் விரல் நகத்தால் வரித்தடத்தைக் குறுக்காகக் கீறிப் பார்ப்பேன். நகம் தடுக்காமல் வழுக்கினால் அந்த வெட்ஜ் பந்தைச் சுழற்றாது. அதை நல்ல வெட்ஜ் என்று சொல்லி விற்க எனக்கு மனசு வராது.

விதி மாறும்போது சந்தை எப்படி ஆடும் என்பதற்கு வெட்ஜே உதாரணம். வரித்தடத்தின் அளவையும் விளிம்பின் கூர்மையையும் குறைக்கும் விதி 2010-இல் தொழில்முறைப் போட்டிகளுக்கு வந்தது. ஆனால் 1990 ஏப்ரலுக்கு முன்பு செய்த பிங் ஐ2-க்கு மட்டும், பழைய வழக்கு ஒன்றின் சமரசத்தால், விலக்கு இருந்தது. அந்த ஆண்டு டோரி பைன்ஸ் போட்டியில் ஃபில் மிக்கல்சன் பழைய ஐ2 வெட்ஜ் ஒன்றோடு வந்து நின்றார். பெரிய சர்ச்சை ஆயிற்று. இன்னொன்று நீளமான பட்டர்கள். பட்டரின் முனையை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி அடிப்பது 2016 தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டது, வயிற்றில் ஊன்றும் பெல்லி பட்டர்களைக் கேட்பவர்கள் அதோடு குறைந்துபோனார்கள். தலை நல்லதாக இருந்தால் ஷாஃப்ட்டை வெட்டிச் சாதாரண நீளத்துக்குக் கொண்டுவரலாம் என்று வாங்குகிறவர்கள் உண்டு. எடை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதையும் சொல்ல வேண்டும். உடம்பில் ஊன்றாமல் நீளப் பட்டரைப் பிடித்தே 2023-இல் லூகஸ் க்ளோவர் அடுத்தடுத்து இரண்டு போட்டிகள் ஜெயித்தார். ஒதுக்கப்பட்ட சரக்கு திரும்பவும் தேடப்படும் என்பதை அதில்தான் பார்த்தேன்.

போலிகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அகுஷ்நெட், கேலவே, பிங், டெய்லர்மேட் எல்லாம் ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டி போடுகிறவை, ஆனாலும் போலிகளுக்கு எதிராகச் சேர்ந்து ஒரு குழுவே வைத்திருக்கின்றன. அந்த அளவுக்குத் தொல்லை. அதிகம் போலி வருவது புத்தம் புது டிரைவர், ஸ்காட்டி கேமரன் பட்டர், தங்கமுலாம் பூசிய ஹோன்மா மட்டை ஆகியவற்றில். எழுத்தின் தடிமன், பெயின்ட் நிரப்பின் ஓரம், வரிசை எண் லேசர் பொறிப்பா ஸ்டிக்கரா, ஹோசலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் உள்ள கருப்பு வளையம் சமமாக உட்கார்ந்திருக்கிறதா, இவற்றை அசல் மட்டையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அசல் ஒன்றையாவது நிறைய நாள் கையில் பிடித்துப் பழகியிருக்க வேண்டும். பால் பாத்திரத்தைத் தொட்டே சூடு சொல்கிற மாதிரி, கை பழகியபின் எடையிலேயே சந்தேகம் தட்டும். சந்தேகம் இருந்தால் நான் வாங்குவதில்லை, சந்தேகத்தோடு விற்பதும் இல்லை.

விலை நிர்ணயிக்க எனக்கு ஒரே வழிதான். எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்ப்பதில்லை, எவ்வளவுக்கு விற்றுமுடிந்தது என்று பார்க்கிறேன். ஈபே மாதிரி இடங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். கேட்கும் விலை ஒருவரின் ஆசை. அதிலிருந்து தளத்தின் கழிவு, அனுப்பும் செலவு, புது கிரிப் செலவு எல்லாம் போக மீதி என்ன என்று வாங்கும் இடத்திலேயே மனக்கணக்குப் போட வேண்டும். நீளமான பெட்டி என்பதால் அனுப்பும் செலவு பெரும்பாலானவர்கள் நினைப்பதைவிட அதிகம். ஒற்றை மலிவு டிரைவரின் லாபத்தை அது அப்படியே விழுங்கிவிடும். டிரைவரை டிசம்பர்வரை வைத்திருக்கக் கூடாது என்பதும் இதே கணக்குதான். ஜனவரியில் அடுத்த பெயர் வந்துவிடும்.

சுத்தம் செய்வது எளிது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ், நன்றாகத் துடைத்துக் காயவைக்க வேண்டும். கொதிநீர் வேண்டாம், ஹோசல் வளையமும் பசையும் இளகும். கிரிப் மாற்ற, வளைந்த கத்தியால் கீறிப் பழையதை உரித்து, இருபக்கப் பசைநாடா சுற்றி, கரைப்பான் ஊற்றிப் புதியதைத் தள்ளி ஏற்ற வேண்டும். கிராஃபைட் ஷாஃப்ட்டில் கத்தியை நேராக அழுத்தினால் இழை வெட்டுப்படும், ஆகவே உடம்புக்கு வெளிப்பக்கமாக, மேலோட்டமாகத்தான் கீற வேண்டும். புது கிரிப் போட்ட மட்டையை ஒருவர் கையில் எடுத்ததும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். செலவு செய்ய யோசிக்கவே வேண்டாத இடம் அது.

விற்பவரோடு எப்படி நடந்துகொள்வது என்பது எனக்கு முக்கியமான விஷயம். நல்ல பைகள் பெரும்பாலும் ஆடியவர் இல்லாமல் போன வீடுகளிலிருந்து வருகின்றன. "இதெல்லாம் அவரோடது. எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, நீயே பாத்து ஒரு விலை சொல்லு" என்று ஒரு பெரியம்மா சொல்லும்போது, எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொண்டு குறைந்த விலை சொல்வது வியாபாரத் திறமை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் நினைக்கவில்லை. கடை போட்டு விலை ஒட்டியவரிடம் அவர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குவது நியாயம், விலை வைத்தது அவர். என்னிடமே விலை கேட்கிறவர் என்னை நம்பிக் கேட்கிறார். "அம்மா, இதுல இந்த பட்டர் மட்டும் நல்ல விலைக்குப் போகும், மத்தது சாதாரணம்" என்று பிரித்துச் சொல்லி, விற்று முடிந்தபின் என்ன கிடைக்கும், அதில் என் பங்கு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுவேன். அப்படிச் செய்தும் எனக்கு லாபம் வருகிறது. அதோடு, அவர்கள் அடுத்த வீட்டுக்காரரிடம் என் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு வந்த சிறந்த பைகள் அந்த வழியில் வந்தவை.

இதோடு சேர்த்து ஒன்று: பையில் பெயர் அட்டை தொங்கினால், விற்பவருக்கும் அந்தப் பெயருக்கும் என்ன உறவு என்று கேட்டுவிட வேண்டும். காரிலிருந்து திருட்டுப்போகிற பொருள்களில் கோல்ஃப் பையும் உண்டு. பதில் தடுமாறினால் நான் வாங்குவதில்லை.

கடைசியாகத் தனி அயர்ன்கள். ஒரு குடத்திலோ டிரம்மிலோ கொத்தாக நிறுத்தி, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று விற்பார்கள். ஒற்றை 9-அயர்னை யாருக்கு விற்பது என்று எல்லோரும் தாண்டிப்போவார்கள். ஆனால் ஆட்டத்தில் அதிகம் தொலைகிற மட்டைகள் 9-அயர்ன், வெட்ஜ் போன்றவைதான். பட்டரையும் வெட்ஜையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பச்சைத் திடலுக்கு நடப்பார்கள், வெட்ஜை ஓரத்தில் போட்டுவிட்டுப் பந்தைக் குழியில் தள்ளுவார்கள், பேசிக்கொண்டே அடுத்த குழிக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் இருக்காது. முழு செட்டும் நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை. அந்த மாடல் நிறுத்தப்பட்டு வெகுநாள் ஆகியிருக்கும், நிறுவனத்திடமும் கிடைக்காது. அந்த ஒருவருக்கு டிரம்மில் கிடந்த அந்த மட்டை, ஒரு செட்டையே மீட்டுக் கொடுக்கிறது. அதே மாடல், அதே ஷாஃப்ட், அதே கருப்புப் புள்ளி என்றால் அவர் பேரம் பேசுவதில்லை. அதனால் தனி அயர்ன்களை இப்போது நான் விட்டுவிட்டு வருவதில்லை. மாதிரியின் பெயர், ஷாஃப்ட், நீளம், புள்ளியின் நிறம் எல்லாம் எழுதி ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறேன். அதிகம் கேட்டு வருவது 9-அயர்னும் பிட்சிங் வெட்ஜும். 3-அயர்ன் கேட்டு யாரும் வருவதில்லை, ஏனென்றால் அதை யாரும் பையிலிருந்து எடுப்பதே இல்லை.